ஒற்றை மேற்கோள் செய்த குற்றம் என்ன?

அண்ணனூர் ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு வாடகை நூலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மின்ரயில் பணிமனைக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களும், ஆவடிக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் ரயில் ஏறுகிறவர்களும் அதன் வாசகர்கள். உறுப்பினர் ஏடு கணினிக்கு மாறியாயிற்று. யாரோ ஒரு தெரிந்த பையன் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறான். முதல் வாரமே நாலு பேரிடம் அது முரண்டு பிடிக்கிறது.

ஒருவர் பெயர் டி'குரூஸ். நடுவில் இருக்கும் அந்தச் சின்னக் குறியைப் பார்த்ததும், 'சிறப்புக் குறிகளுக்கு அனுமதி இல்லை' என்று சிவப்பில் ஒரு வரி வருகிறது. இன்னொருவர் முகவரியில் பழைய எண் 12, புதிய எண் 25/3. சென்னையில் குடியிருப்பவர்களுக்கு அந்தச் சாய்கோடு பிறப்புரிமை. மென்பொருளுக்கு அதுவும் ஆகாது. மூன்றாமவர் தொழிற்சங்கக்காரர். சதர்ன் ரயில்வே மஸ்தூர் யூனியன் என்று ஆங்கிலத்தில் தட்டுகிறார். 'யூனியன்' என்ற சொல்லில் வண்டி நின்றுவிடுகிறது. நாலாவது ஆசாமி எந்தக் குறியும் போடவில்லை. சரவணன் என்று தமிழில் எழுதுகிறார், அவ்வளவுதான். அவருக்குக் கிடைக்கும் பதில்: 'எழுத்துகளை மட்டும் உள்ளிடவும்.'

இந்த நூலகம் கற்பனை. இந்த நாலு மறுப்புகளும் கற்பனை அல்ல. உலகெங்கும் மென்பொருள்கள் தினமும் சொல்லிக்கொண்டிருப்பவை. முதல் மூன்றுக்கும் காரணம் ஒன்று, நாலாவதற்குக் காரணம் வேறு. இரண்டையும் தொடர்ந்து போனால் ஒரே இடத்தில் போய் முட்டுகிறோம்: எழுத்துகளில் நல்லது கெட்டது பிரிக்க முயன்ற இடத்தில்.

முதலில் அந்த ஒற்றை மேற்கோள். அதைக் கண்டு கணினி ஏன் அஞ்ச வேண்டும்?

தகவல்களை வரிசையும் கட்டமுமாக அடுக்கி வைத்திருக்கும் கிடங்கைத் தரவுத்தளம் என்கிறோம். இப்படி அட்டவணைகளாக அடுக்கும் முறைக்கு 1970இல் எட்கர் காட் அடித்தளம் போட்டார். அதனிடம் கேள்வி கேட்க ஒரு மொழி வேண்டியிருந்தது. ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் அதை வெளியிட்டார்கள். இன்று எஸ்க்யூஎல் என்று வழங்குவது அதன் வழிவந்ததுதான். சாதாரண ஆங்கில வாக்கியம் போலவே இருக்க வேண்டும், கணக்கர்களும் எழுதும்படி இருக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அந்த மொழியில் ஒரு கேள்வி, தமிழ்ச் சொற்களை இட்டுப் பார்த்தால், ஏறத்தாழ இப்படி இருக்கும்:

கொடு உறுப்பினர்-ஏடு எங்கே பெயர் = 'கமலா'

'கொடு', 'எங்கே' என்பவை கட்டளைச் சொற்கள். கமலா என்பது தரவு, அதாவது வெறும் தகவல். எது கட்டளை, எது தகவல் என்று கணினிக்குப் பிரித்துக் காட்டுவது சுற்றிலும் உள்ள இரண்டு மேற்கோள் குறிகள் மட்டுமே. முதல் குறி வந்ததும் 'இனி வருவது தகவல்' என்று எடுத்துக்கொள்கிறது; அடுத்த குறி வந்ததும் 'தகவல் முடிந்தது, இனிக் கட்டளை' என்று திரும்பிக்கொள்கிறது. அதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது.

இப்போது கமலா இருந்த இடத்தில் டி'குரூஸ் என்று வைத்துப் பாருங்கள். டி என்ற எழுத்தோடு தகவல் முடிந்துவிட்டதாகக் கணினி நினைக்கும். மிச்சமுள்ள குரூஸ் என்பதைக் கட்டளையாகப் படிக்கப் பார்க்கும். அப்படி ஒரு கட்டளை கிடையாது. மென்பொருள் கவிழ்ந்துவிடும். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாத ஒரு பெயரே இதைச் செய்துவிடுகிறது. நிரலர்கள் பலர் இந்த ஓட்டையை முதலில் சந்திப்பது திருடனால் அல்ல, டி'சோசாவாலோ ஓ'பிரையனாலோதான். உடனே கைக்கு வரும் வைத்தியம் அந்தக் குறியைத் தடை செய்வது.

தற்செயலாக நடப்பதை ஒருவர் வேண்டுமென்றே செய்தால்? பெயர் என்ற கட்டத்தில் இப்படித் தட்டுகிறார்:

கமலா' அல்லது '1' = '1

மென்பொருள் இதை அப்படியே தன் வாக்கியத்துக்குள் ஒட்டும்போது கிடைப்பது:

கொடு உறுப்பினர்-ஏடு எங்கே பெயர் = 'கமலா' அல்லது '1' = '1'

ஒன்றும் ஒன்றும் எப்போதும் சமம். ஆகவே ஏட்டில் உள்ள அத்தனை பேருக்கும் நிபந்தனை பொருந்திவிடுகிறது. ஒருவர் விவரம் கேட்டவருக்கு எல்லார் விவரமும் போய்ச் சேர்கிறது. 'கொடு' என்பதற்குப் பதிலாக 'அழி' என்ற கட்டளை அங்கே இருந்திருந்தால் ஏடே காலி. இதற்குத்தான் கட்டளை உட்புகுத்தல் என்று பெயர்.

பெரிய மளிகைக் கடையில் நடக்கிற மாதிரி நினைத்துக்கொள்ளலாம். முன்னால் ஒரு பையன் நின்று, நீங்கள் சொல்வதைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பின்னாலுள்ள கிடங்குக்கு அனுப்புகிறான். கிடங்குக்காரர் உங்களைப் பார்ப்பதில்லை. பையன் கையெழுத்தில் சீட்டு வந்தால் சரக்கை எடுத்துக் கொடுப்பார். "தம்பி, எழுதிக்க: துவரம் பருப்பு ஒரு கிலோ, அதோட ஒரு மூட்டை பொன்னி அரிசியும் அனுப்பு, காசு வாங்கியாச்சு" என்று ஒருவர் சொல்ல, பையன் ஒரு சொல் விடாமல் எழுதினால், கிடங்கிலிருந்து மூட்டை வந்துவிடும். 'காசு வாங்கியாச்சு' என்றது பையனா, வாடிக்கையாளரா என்று சீட்டைப் பார்த்தால் தெரியாது. இரண்டும் ஒரே கையெழுத்து.

இந்த வித்தையைப் பொதுவெளியில் முதலில் எழுத்தில் விவரித்தவராக ஜெஃப் ஃபாரிஸ்டல் என்பவரைச் சொல்வார்கள். 'ஃப்ராக்' என்ற மின்னிதழின் 54ஆம் இதழில், 1998 டிசம்பரில், ஒரு புனைபெயரில் எழுதினார். கால் நூற்றாண்டு கடந்தும் வித்தை ஓயவில்லை. 2015 அக்டோபரில் பிரிட்டனின் டாக்டாக் தொலைபேசி நிறுவனத்திலிருந்து 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்கள் இப்படித்தான் களவு போயின. ஓட்டை இருந்தது அந்த நிறுவனமே எழுதிய பக்கங்களில் அல்ல. முன்பு வாங்கிய வேறொரு நிறுவனத்தோடு சீதனமாக வந்து சேர்ந்த பழைய பக்கங்களில். அவை தன்னிடம் இருப்பதே நிறுவனத்துக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. அடுத்த ஆண்டு நாலு லட்சம் பவுண்டு அபராதம் கட்டியது. 2023இல் 'மூவ்இட்' என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளில் இதே வகை ஓட்டை வழியாகப் பல நாட்டு நிறுவனங்களின் தகவல்கள் போயின.

ஒரு மென்பொருளில் இந்த ஓட்டை இருக்கிறதா என்று, உள்ளே இருக்கும் நிரலைப் பார்க்காமலே எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இது எனக்குப் பிடித்த பகுதி. ஆய்வகச் சோதனையின் ஒழுங்கு இதில் இருக்கிறது. சோதிப்பவர் முதலில் ஒரே ஒரு மேற்கோள் குறியை உள்ளிடுகிறார். பிழைச் செய்தி வந்தால் சந்தேகம் தொடங்குகிறது. அடுத்து இரண்டு மேற்கோள் குறிகளைச் சேர்த்து இடுகிறார். எஸ்க்யூஎல் மொழியில் தகவலுக்கு நடுவே இரண்டு மேற்கோள் அடுத்தடுத்து வந்தால், 'இது முடிவுக்குறி அல்ல, பெயரின் பகுதி' என்று பொருள். ஒன்றுக்குப் பிழை வந்து இரண்டுக்கு வராவிட்டால், உள்ளீடு மொழியாகவே படிக்கப்படுகிறது என்று ஊகிக்கலாம்.

பிழைச் செய்தியையே மறைத்து வைத்திருந்தால்? 'மற்றும் 1=1' என்று சேர்த்து ஒரு முறை, 'மற்றும் 1=2' என்று சேர்த்து ஒரு முறை கேட்கிறார். முன்னதற்கு வழக்கமான பக்கமும் பின்னதற்கு வெறும் பக்கமும் வந்தால், உள்ளே யாரோ அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். பக்கத்தில் எந்த மாற்றமும் தெரியாத இடத்தில் கடைசி ஆயுதம் கடிகாரம். 'ஐந்து நொடி தூங்கு' என்ற கட்டளையை உள்ளீட்டில் பொதிந்து அனுப்புகிறார். பதில் ஐந்து நொடி தாமதமாக வருகிறது. பத்து நொடி என்றால் பத்து நொடி. வலைப்பின்னல் மந்தமாக இருந்ததால் தாமதம் என்று இதைத் தள்ள முடியாது. கேட்ட அளவுக்குத் தாமதம் கூடிக் குறைகிறது. வாய் திறக்காத ஒரு தரவுத்தளத்தை ஆம், இல்லை என்று தலையாட்ட வைத்தே அதில் உள்ளதை எழுத்தெழுத்தாக வாங்கிவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சொந்த மென்பொருளிலோ, எழுத்தில் அனுமதி பெற்ற மென்பொருளிலோ மட்டுமே இதைச் செய்யலாம். அடுத்தவர் கணினியில் செய்தால், 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் குற்றம். மூன்றாண்டு வரை சிறை உண்டு.

சரி, தடை செய்தால் தீராதா? ஒற்றை மேற்கோள், அரைப்புள்ளி, இரட்டைக் கோடு, சாய்கோடு, 'யூனியன்', 'டிராப்', 'செலக்ட்' என்று ஒரு தடைப்பட்டியல் போட்டு, வந்தால் மறுத்துவிடலாமே?

முதல் சிக்கல், அது நிரபராதிகளை அடிக்கிறது. எஸ்க்யூஎல்லில் 'யூனியன்' என்றால் இரண்டு விடைகளை ஒன்றாக்கும் கட்டளை. திருடர்கள் வேறு ஏட்டின் தகவலை இழுக்க அதைப் பயன்படுத்துவதால் பட்டியலில் ஏறியது. நம் ஊரில் அது தொழிற்சங்கம். ஆங்கில முகவரியில் வில்லிவாக்கம் ஊராட்சி ஒன்றியம்கூட 'பஞ்சாயத்து யூனியன்'தான். வீட்டு எண்ணுக்கு முன்னால் போடும் நம்பர் குறி, மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தில் 'இதற்குமேல் படிக்காதே' என்பதற்கான குறி. நம் மக்கள் சாதாரணமாக எழுதும் முகவரி ஒன்றில் தடைக்குறிகள் மூன்றாவது தேறும்.

இரண்டாவது சிக்கல், அது குற்றவாளியை விட்டுவிடுகிறது. உறுப்பினர் எண் 57ஐக் காட்டு என்று கேட்கும் இடத்தில் மேற்கோள் குறியே கிடையாது. எண்களுக்கு அது தேவையில்லை. அங்கே '57 அல்லது 1=1' என்று தட்டினால் தடைப்பட்டியலில் உள்ள ஒரு குறிகூட வராமலே கதவு திறந்துவிடும். தடைச் சொல்லை மறுக்காமல் வெட்டி எறியும் மென்பொருள்கள் இன்னும் வேடிக்கை. 'அழி' என்ற சொல்லைக் கண்டால் நீக்கிவிடு என்று எழுதியிருக்கிறார்கள் என்று வையுங்கள். திருடன் 'அஅழிழி' என்று அனுப்புகிறான். நடுவில் உள்ள அழி நீங்க, இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு என்ன மிஞ்சுகிறது? காவல்காரனே கட்டளையைக் கோத்துக் கொடுத்துவிட்டான். அதே காவல்காரன், 'அழியாத' என்று தொடங்கும் புத்தகத் தலைப்புகளையெல்லாம் 'யாத' ஆக்கியிருப்பான்.

தடை செய்யாமல், மேற்கோளுக்கு முன்னால் ஒரு பின்சாய்கோட்டைப் போட்டு 'இது வெறும் குறி' என்று அடையாளமிடலாம் என்பது அடுத்த யோசனை. பிஎச்பி மொழியில் உள்ளே வரும் எல்லாவற்றுக்கும் தானாகவே இப்படிக் கோடு போடும் வசதியை வைத்தார்கள். 'மாய மேற்கோள்' என்று பெயர். விளைவு, தரவுத்தளத்துக்கே போகாத கடிதங்களிலும் கோடு விழுந்தது. ஒருமுறை சேமித்துத் திருத்தினால் ஒரு கோடு, மறுமுறை மூன்று கோடு என்று டி'குரூஸின் பெயர் முள்வேலி ஆனது. 2012இல் வந்த பதிப்பில் அந்த வசதியையே தூக்கிவிட்டார்கள். அதற்கு முன்பே, 2006இல், கிறிஸ் ஷிஃப்லெட் இதைத் தாண்டும் ஒரு வழியைச் சீன எழுத்துமுறை ஒன்றை வைத்துக் காட்டியிருந்தார். ஜிபிகே என்ற அந்த முறையில் ஒரு சீன எழுத்துக்கு இரண்டு பைட். முன்னால் பொருத்தமான ஒரு பைட்டை வைத்துவிட்டால், காவலுக்குப் போட்ட பின்சாய்கோடு அதோடு சேர்ந்து ஒரு சீன எழுத்தாகிவிடும். மேற்கோள் குறி காவலின்றி வெளியே நிற்கும்.

தடையும் பயனில்லை, அடையாளமிடுவதும் முழுப் பயனில்லை என்றால் வேறென்ன? மளிகைக் கடைக்கே போவோம். ஒருவருடைய பேச்சும் இன்னொருவருடைய கட்டளையும் ஒரே சீட்டில் கலப்பதுதான் கோளாறு. கடை திறக்கும்போதே கிடங்குக்காரரிடம் அச்சடித்த சீட்டு ஒன்று போய்விட்டது: 'இந்தச் சீட்டு வந்தால் துவரம் பருப்பு எடு; அளவு தனியே வரும்.' என்ன செய்ய வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. பிறகு வாடிக்கையாளர் சொல்வது அளவு என்ற பெட்டிக்குள் மட்டும் விழுகிறது. 'ஒரு கிலோ, அதோடு ஒரு மூட்டை அரிசி' என்று ஓர் அளவு கிடங்குக்காரருக்குத் தெரியாது. கையை விரிப்பார், மூட்டையைத் தொட மாட்டார்.

தரவுத்தளங்களில் இதற்கு முன்தயாரித்த கட்டளை என்று பெயர். 'கொடு உறுப்பினர்-ஏடு எங்கே பெயர் = ?' என்ற வாக்கியம் முதலில் தனியாகப் போகிறது. தரவுத்தளம் அதை இலக்கணம் பிரித்து, எழுவாய் பயனிலை பார்த்து, எந்த ஏட்டில் எப்படித் தேடுவது என்று முடிவு செய்து வைத்துக்கொள்கிறது. கேள்விக்குறி இருக்கும் இடத்துக்கு அளபுரு என்று பெயர். அங்கே வரும் மதிப்பு பிறகுதான் அனுப்பப்படுகிறது. அதற்குள் இலக்கணம் பிரிக்கும் வேலை முடிந்துவிட்டதால், மதிப்புக்குள் மேற்கோள் இருந்தாலும் 'அழி' இருந்தாலும் அதைக் கட்டளையாகப் படிக்க அங்கே யாருமில்லை. டி'குரூஸ் தன் முழுப் பெயரோடு ஏட்டில் ஏறுகிறார். கமலா' அல்லது '1' = '1 என்று தட்டியவருக்கு, அப்படி ஒரு விநோதப் பெயருள்ள உறுப்பினர் இல்லை என்று பதில் வருகிறது. பிரிட்டனில் 2016இல் ஒருவர், நிறுவனப் பட்டியல் ஏட்டையே தூக்கியெறியச் சொல்லும் எஸ்க்யூஎல் கட்டளையை அப்படியே தன் நிறுவனத்துக்குப் பெயராக வைத்துப் பதிவு செய்தார். பதிவேடு அதை ஒரு பெயராக மட்டுமே வாங்கி வைத்துக்கொண்டது.

இந்த முறை எட்டாத மூலைகளும் உண்டு. மதிப்புகளைத்தான் அளபுருவாக அனுப்பலாம். ஏட்டின் பெயரையோ, எந்தக் கட்டத்தை வைத்து வரிசைப்படுத்துவது என்பதையோ அப்படி அனுப்ப முடியாது. அங்கே தடைப்பட்டியல் வேண்டாம், அனுமதிப்பட்டியல் வேண்டும்: 'பெயர்', 'ஊர்', 'சேர்ந்த நாள்' ஆகிய மூன்றில் ஒன்றா, இல்லையென்றால் வெளியே. பத்திரமாக உள்ளே வந்த மதிப்பை, பிறகு மாதாந்திர அறிக்கை எழுதும் இன்னொரு நிரல் பழையபடி ஒட்டி எழுதினால் அங்கே வெடிக்கும். அதனால் ஒட்டுவதை எல்லா இடத்திலும் நிறுத்த வேண்டும். தேடுவதற்கு மட்டும் பயன்படும் பகுதிக்கு அழிக்கும் அதிகாரமே தராமல் இருப்பதும் புத்திசாலித்தனம்.

இனி சரவணன் கதை. அவரிடம் மேற்கோளும் இல்லை, சாய்கோடும் இல்லை. நம்முடைய நிரலர் பையன் தடைப்பட்டியலின் பலவீனத்தைப் புரிந்துகொண்டு, அனுமதிப்பட்டியலுக்கு மாறியிருக்கிறான்: பெயரில் எழுத்துகள் மட்டும் வரலாம். நியாயமான விதிதானே? ஆனால் எது எழுத்து என்று கணினியைக் கேட்டிருக்கிறான்.

பைத்தான் என்ற நிரல்மொழி நிறுவிய கணினி இருந்தால் நீங்களே பார்க்கலாம். ஒரு சொல்லில் உள்ளவை அனைத்தும் எழுத்துகள்தானா என்று சொல்ல 'இஸ்ஆல்ஃபா' என்று ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் அண்ணனூர் என்று கொடுத்தால் ஆம் என்கிறது. தமிழில் கொடுத்தால் இல்லை என்கிறது. பக்கத்து ஸ்டேஷன் ஆவடியும் தேறவில்லை. திருமுல்லைவாயில், அம்பத்தூர், பட்டரைவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம், பெரம்பூர் என்று சென்ட்ரல் பக்கம் போகப் போக ஒன்றும் தேறுவதில்லை. 'சரவண' தேறுகிறது, 'சரவணன்' தேறுவதில்லை. விடை இந்த இடத்தில் கண்ணில் படுகிறது: கடைசி ன் மேல் உள்ள புள்ளி.

அண்ணனூர் என்பதில் நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோட் என்னும் ஒருங்குறியில் எட்டுக் குறியிடங்கள்: அ, ண, புள்ளி, ண, ன, ஊகாரக் குறி, ர, புள்ளி. ஒவ்வொரு குறியிடத்துக்கும் ஒருங்குறி அமைப்பு ஒரு வகைப்பெயர் கொடுத்து, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி ஒரு கோப்பில் வெளியிட்டிருக்கிறது. அதில் அ, ண, ன, ர ஆகியவை 'எழுத்து' வகை. புள்ளியும் கால், கொம்பு, கொக்கி ஆகியவையும் 'குறி' வகை. பைத்தானின் சோதனை 'எழுத்து' வகையை மட்டுமே ஏற்கிறது. அதனால் குறி சேர்ந்து வரும் உயிர்மெய்யும் மெய்யும் அதன் கண்ணுக்கு அரைகுறை எழுத்துகள்.

இந்தப் பிரிவினைக்கு வரலாறு உண்டு. ஒருங்குறியில் தமிழுக்கான கட்டம், இஸ்கி என்ற இந்தியத் தரத்தின் 1988ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றியது. அகரமேறிய மெய் அடிப்படை, மற்ற உயிர்கள் அதில் ஏறும் குறிகள், புள்ளி அகரத்தை நீக்கும் குறி என்று எல்லா இந்திய எழுத்துமுறைக்கும் ஒரே அச்சு. தொல்காப்பியம் தொடங்கி நம் இலக்கணம், புள்ளி பெற்ற மெய்யை முதலாக வைத்து அதில் உயிர் ஏறுவதாகச் சொல்கிறது. கணினி தலைகீழாக, அகரத்தோடு தொடங்கிப் புள்ளியால் குறைக்கிறது. எழுதிக் காட்டுவதற்கு இரண்டும் ஒன்றுதான். எது எழுத்து என்று எண்ணத் தொடங்கும்போது வேறுபாடு கடிக்கிறது. ஓர் எழுத்துக்கு ஓர் இடம் என்று 247க்கும் தனித்தனி இடம் தரும் டேஸ்16 முறையைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றது. அது இருப்பது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில். அங்குள்ள இடங்களுக்கு 'எழுத்து' என்ற வகைப்பெயர் இல்லாததால் பைத்தானின் சோதனையில் அதுவும் தோற்கும்!

தேறாததை மறுத்தால்கூடப் பரவாயில்லை. சில மென்பொருள்கள் 'சுத்தம்' செய்கின்றன. எழுத்து அல்லாதவற்றை நீக்கிவிட்டுச் சேமிக்கின்றன. அண்ணனூர் 'அணணனர' ஆகிறது. திருமுல்லைவாயில் 'தரமலலவயல' ஆகிறது. புள்ளியில்லாமல் எழுதிய ஓலைச்சுவடியைப் படித்துப் பழகிய பண்டிதர்கூட இதில் திணறுவார்; ஓலையில் காலும் கொம்புமாவது மிஞ்சும்.

வேடிக்கை என்னவென்றால், அதே பைத்தானில் ஒரு மாறிக்கு, அதாவது மதிப்பைப் போட்டுவைக்கும் பெட்டிக்கு, அண்ணனூர் என்று தமிழில் பெயர் வைக்கலாம். மொழியின் இலக்கணம் அதை மறுபேச்சில்லாமல் ஏற்கிறது. அந்த விதியை எழுதியவர்கள் குறிகளையும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். ஆகவே கோளாறு தமிழிலும் இல்லை, ஒருங்குறியிலும் இல்லை. தவறான கேள்வியைக் கேட்ட நிரலில். 'எழுத்து அல்லது குறி' என்று கேட்டால் சரவணன் தேறிவிடுவார். அதோடு இடைவெளி, தலைப்பெழுத்துக்குப் பின்வரும் புள்ளி, சிறு கோடு, ஒற்றை மேற்கோள் இவற்றையும் சேர்த்தால் தமிழ்நாட்டுப் பெயர்கள் பெரும்பாலும் உள்ளே வந்துவிடும். குறி எழுத்துக்குப் பின்னால்தான் வர வேண்டும், சொல்லின் முதலில் வரக்கூடாது என்று இன்னொரு விதியும் போடலாம்.

இதற்குப் பிறகும் எழுத்துச் சோதனைக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது; அது தடுக்கும் வேலை அல்ல, ஒழுங்குபடுத்தும் வேலை. கொரட்டூரை எடுங்கள். முதல் எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க, அதன்மேல் ஒகரக் குறி ஒன்று, அல்லது க, எகரக் கொம்பு, பிறகு கால். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு முதலாவது ஒன்பது குறியிடம், இரண்டாவது பத்து. இந்தக் கைபேசியில் பதிந்த கொரட்டூர் வாசகரை அந்தக் கணினியில் தேடினால் 'அப்படி ஊரே இல்லை' என்று பதில் வரும். இரண்டும் சமம் என்று ஒருங்குறியின் விதி தெளிவாகச் சொல்கிறது. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம் என்ற செயல்முறையையும் அதுவே தருகிறது. சேமிக்கும்போதும் தேடும்போதும் அதைச் செய்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

இயல்பாக்கம் தீர்க்காத கண்கட்டுகளும் இருக்கின்றன. ஸ்ரீயை ஸகரத்தை வைத்தும் எழுதலாம், 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரே தோற்றம், ஆனால் சமம் என்ற விதி கிடையாது. தமிழ் எண்களில் ௧, ௭, ௮ ஆகியவை க, எ, அ போலவே இருக்கும். எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டும்போது, அகலமே இல்லாத இணைப்புக் குறிகள் பெயருக்கு நடுவே ஒளிந்து வரும். தமிழ்ப் பெயருக்கு இவை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை, சத்தமில்லாமல் நீக்கலாம்.

எழுத்து எழுத்தாகப் பார்ப்பதைவிட, மதிப்பைப் பார்ப்பது பல இடங்களில் பலன் தரும். அஞ்சல் குறியீட்டு எண் என்றால் ஆறு இலக்கம், முதல் இலக்கம் சுழியாக இருக்காது. ஆதார் என்றால் பன்னிரண்டு இலக்கம்; கடைசி இலக்கம் மற்ற பதினொன்றிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. அந்தக் கணக்கு நெதர்லாந்தின் யாகோபஸ் வெர்ஹூஃப் 1969இல் வகுத்தது. ஏதாவது ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கம் இரண்டை இடம் மாற்றினாலும் அது தவறாமல் பிடித்துவிடும். அவசரத்தில் மனிதர் செய்யும் தவறுகளில் பெரும்பங்கு இந்த இரண்டும்தான். நூலகத்துக்கு ஆதார் எதற்கு என்பது வேறு கேள்வி. எண் கணக்கில் தேறினால் சரியாகத் தட்டப்பட்டிருக்கிறது என்று மட்டும் பொருள். அப்படி ஓர் எண் யாருக்காவது வழங்கப்பட்டிருக்கிறதா என்பதை ஆதார் ஆணையத்தின் ஏடுதான் சொல்ல முடியும்.